பதினொரு நாளைகள்

ஜூன் 3

அன்புள்ள துரைக்கு,

அக்கா எழுதுகிறேன். துரை என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நாம் பேசி ஏழு மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை போன் செய்தேன்; இரண்டு தடவையும் நீ பாதியில் வைத்துவிட்டாய். கடிதம் என்றால் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாளே என்று அம்மா காலையிலிருந்து கேலி செய்கிறாள்.

முதலில் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மருத்துவக் கல்லூரி முதல்வர் உன்னோடு படித்தவர். நோயாளியின் பதிவைக் கணினியில் எப்படி எழுதுவது, பிறர் எழுதியதை எப்படிப் படிப்பது, வீடியோவில் எப்படி வைத்தியம் பார்ப்பது, இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லித்தர ஒரு வகுப்பு வேண்டும், நானே எடுக்கிறேன் என்று அவரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் உன்னிடம் என்னைப் பற்றிக் கேட்டார். நீ என்ன சொன்னாய்? "அக்கா நல்ல ரெக்கார்டு கிளார்க். டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்குப் பாடம் எடுக்க அது போதாது." அவர் மறைக்காமல் என்னிடம் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உன் வாயிலிருந்து வந்ததால் வலித்தது.

ஆனாலும் வகுப்பு கிடைத்துவிட்டது. ஒரு பருவத்துக்கு மட்டும், சோதனைக்காக. செப்டம்பரில் கல்லூரிக் குழு கூடி முடிவு செய்யும். நன்றாக இருந்தால் நிரந்தரப் பாடமாக்கி என்னிடம் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனத்தைக் கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்து முடித்துவிடுவார்கள்; நான் பழையபடி ஆவண அறைக்குப் போக வேண்டியதுதான். எனக்கு இந்த வகுப்பு வேண்டும், தம்பி. வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பழைய எக்ஸ்ரே பிலிம் வைத்திருந்த அறையைத் தந்திருக்கிறார்கள். ஜன்னல் ஒன்றுதான். இருபத்துநான்கு கணினி, அதில் மூன்றில் சில எழுத்துகளைக் குத்தினால்தான் விழும். முதல் நாள் நான் எந்தப் பட்டனையும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொருவரையும் நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தேன். "திரையில என்ன இருக்கு?" என்று கேட்டேன். "இங்கேருந்து தெரியல மேடம், பின்பக்கம்தான் தெரியுது," என்றார்கள். "உங்களைப் பத்திதான் எழுதுறாங்க. தெரியலன்னா எப்படி இருக்கு?" என்றேன். திரையை நோயாளி பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இதுதான் என் வகுப்பின் முதல் விதி. அவர் முன்னால் எழுதக் கூசுவது எதுவோ அதை எழுதவே வேண்டாம்.

பதில் போடு. போடாவிட்டாலும் நான் எழுதுவேன்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் சொன்னதை மறுக்கவில்லை. நண்பன் கேட்டான், மனத்தில் பட்டதைச் சொன்னேன். உன்னைக் குறைத்துப் பேசவில்லை. இந்த வீட்டில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும் என்பதற்காகத்தானே உனக்கு 'பீரோ' என்று பெயர் வைத்தோம். ஆனால் பீரோ வேறு, வகுப்பறை வேறு.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு வயிற்றை ஒழுங்காகத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை. அதைச் சொல்லித்தரவே நேரம் போதவில்லை. கணினியில் தட்டுவது இரண்டு நாளில் தானாக வரும். எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பதினாறு வருஷமாக நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் திரை திருப்பும் விதியைப் பற்றி ஒன்று கேட்கிறேன். என் வார்டில் நாற்பது படுக்கை. நாற்பது பேரும் எட்டிப் பார்த்து ஆளுக்கு ஒரு திருத்தம் சொன்னால் நான் எப்போது வைத்தியம் பார்ப்பது?

அம்மாவின் முழங்காலுக்கு நான் அனுப்பிய பட்டையைக் கட்டிக்கொள்கிறாளா என்று எழுது. அவள் கட்டிக்கொள்வதாகச் சொல்வாள். நீ பார்த்து எழுது.

மனநிறைவுடன்,
தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

அம்மா பட்டையைக் கட்டிக்கொள்வதில்லை. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைக் கைப்பிடியில் கட்டியிருக்கிறாள். பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்று உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் விரல் போகும் வேகத்துக்கு அவளைத் 'தட்டச்சுப் புயல்' என்று கூப்பிடுகிறார்கள். மற்றவர்கள் கால் மணி நேரம் எடுக்கும் பதிவை நாற்பது நொடியில் முடித்தாள். எப்படி என்று பார்த்தால், 'நேற்றையதை நகலெடு' என்று ஒரு பட்டன் இருக்கிறதல்லவா, அதைத் தட்டித் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறாள். திட்டினால் நிற்காது, காட்ட வேண்டும் என்று தோன்றியது. பயிற்சிக்காக ஏழு மருத்துவமனைகள் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுப் பழைய பதிவுகளை ஒரு பொதுத் தொகுப்பில் போட்டிருக்கின்றன. அதில் தேடி 214ஆம் பதிவை எடுத்தேன்.

ஒரு பெண் நோயாளி, வயது அறுபத்தொன்று, சர்க்கரை நோய், காலில் சீழ்ப்புண். இரண்டாம் நாள் பதிவில், "புண் ஆறி வருகிறது. நாளை வீட்டுக்கு அனுப்பலாம்," என்று இருக்கிறது. மூன்றாம் நாளும் அதே. நான்காம் நாளும் அதே. ஒரு எழுத்து மாறாமல் பதினொரு நாள், "நாளை வீட்டுக்கு அனுப்பலாம்." பதின்மூன்றாம் நாள், "நோயாளி சொல்லாமல் வெளியேறினார்," என்று நர்ஸ் எழுதியிருக்கிறார். அதோடு பதிவு முடிகிறது.

பெரிய திரையில் ஒவ்வொரு நாளாக ஓட்டினேன். ஆறாம் நாளிலிருந்து வகுப்பே கோரஸாக, "நாளை வீட்டுக்கு அனுப்பலாம்" என்று படித்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடம் நன்றாக இறங்கிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அடுத்த வகுப்புக்காக அதையே மறுபடி படித்தேன். ஒவ்வொரு நாள் பதிவின் கடைசி வரியும், "நோயாளி மனநிறைவுடன் இருக்கிறார்." எந்த டாக்டரும் அப்படி எழுதிப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பேர் எழுத்தைப் படித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு லீவு லெட்டரிலிருந்து எனக்கு வந்த போன கடிதம் வரை எல்லாவற்றையும் மனநிறைவுடன் முடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான்.

அது நீதானா? நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நீயாக இருந்தால், என் தம்பி எழுதியதை வைத்து முப்பது பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிறேன்.

அக்கா


ஜூலை 17

அக்காவுக்கு,

நான்தான். எடுத்துவிடு.

அந்த மாதம் இன்னொரு டாக்டர் விடுப்பில் போய் இரண்டு வார்டும் என் தலையில் இருந்தது. எண்பது படுக்கை. அந்தப் புண்ணை நான் தினமும் பிரித்துப் பார்த்தேன். ஆறவில்லை என்றால் "இன்னைக்கு இருக்கட்டும்" என்று நர்ஸிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவேன். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. எழுத்தில் கோட்டை விட்டதற்காக என்னைக் கூட்டம் கூட்டிச் சிரிக்க வேண்டியதில்லை. அதுவும் நீ.

நான் ஒரு வார்த்தை சொன்னதற்குப் பழி தீர்த்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

தம்பி


ஜூலை 29

தம்பிக்கு,

எடுத்துவிட்டேன். வகுப்பில், "214 இனிமேல் கிடையாது," என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். "அது ஒருத்தரோடது, அவர் வேண்டாம்னுட்டார்," என்றேன். புயல் மட்டும், "அந்த நோயாளிகிட்ட யாராச்சும் கேட்டாங்களா மேடம்?" என்றாள்.

பழி தீர்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பொறுக்கவில்லை. உன் எழுத்து என்று தெரியாமல்தான் எடுத்தேன். தெரிந்த அன்றே உனக்கு எழுதினேன். பழி வாங்குகிறவள் முதல்வர் அறைக்குப் போயிருப்பாள். நீ டாக்டர் ஆன அன்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

நான் செய்த தப்பும் உண்டு, கேட்டுக்கொள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரே பிறந்த தேதி உள்ள இரண்டு பேரின் கோப்பை ஒன்றாகத் தைத்துவிட்டேன். ஒருவருக்கு எடுக்க வேண்டிய ரத்தத்தை இன்னொருவருக்கு எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்தப் பருவத்தின் முதல் வாரமே அதை வகுப்பில் சொன்னேன், என் பெயரோடு. அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைகள் தங்கள் தப்பை ஒளிக்காமல் என்னிடம் கொண்டு வருகிறார்கள்.

சரி, ஒரு நல்ல சேதி. போன வாரம் முதல்முறையாக வார்டுக்குக் கூட்டிப் போனேன். புயல் ஒரு தச்சரிடம் உட்கார்ந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தவர், "ஏம்மா, எனக்கு ஒத்துக்காத மருந்துன்னு ஒண்ணு சொன்னேனே, போன வருஷம் உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சே, அது இதுல இல்லையே?" என்றார். பார்த்தால் உண்மையிலேயே இல்லை. அன்று சாயங்காலம் போட இருந்த ஊசி அந்த மருந்துதான். வார்டு டாக்டர் அதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நாற்பது பேரும் எட்டிப் பார்த்தால் எப்போது வைத்தியம் பார்ப்பது என்று கேட்டிருந்தாயே. ஒருத்தர் எட்டிப் பார்த்தார். அதற்கே இவ்வளவு.

அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபத்தில் அல்ல, வெட்கத்தில்.

"அந்த நோயாளிகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" அந்தப் பெண் கேட்டது என்னை விடவில்லை. எங்கள் ஆவணப் பிரிவுக்குப் போய் 214 யார் என்று தேடி எடுத்தேன். பதின்மூன்றாம் நாளோடு பதிவு முடிகிறது என்று எழுதியிருந்தாயே, அது உங்கள் தொகுப்பில். எங்களிடம் இன்னொரு பதிவு இருந்தது. வெளியேறிய நான்கு நாள் கழித்து அதே அம்மா காய்ச்சலோடு திரும்ப வந்திருக்கிறார், வேறு பிரிவில். நான் அப்போது விடுப்பில் இருந்தேன். காலில் இரண்டு விரல்களை எடுத்திருக்கிறார்கள். எனக்கு இது இப்போதுதான் தெரியும், அக்கா. இரண்டு வருஷமாக அந்த அம்மா எங்கள் வைத்தியத்தில் குணமாகி எங்கேயோ நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை.

விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். மாடிக் குடியிருப்பில் இரண்டாவது தளம். கதவைத் திறந்ததும், "யாரு, பதினொரு நாள் டாக்டரா?" என்றார். எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் கடைசி சீட் வரை கேட்கும். "உள்ள வாங்க, வழியில நிக்காதீங்க," என்றார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் புண்ணைப் பார்த்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். "பாத்தீங்க, நான் இல்லேன்னு சொல்லல," என்றார். "ஆனா என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே. காலையில நர்ஸம்மா திரையைப் பாத்து நாளைக்கு வீடுன்னு சொல்லும். மறுநாளும் அதேதான் சொல்லும். நான் யாரை நம்புறது?" தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் போனேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

பிறகு உன் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். இந்தப் பதிவை மாணவர்களுக்குக் காட்ட அனுமதி வேண்டும், இந்தத் தடவை என் பெயரோடு, என்றேன். அவர், "முதல்ல எனக்குக் காட்டுங்க, என்ன எழுதினீங்கன்னு," என்றார். கொண்டு போயிருந்தேன். பதினொரு நாளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். நான் மருத்துவக் கல்லூரி வாய்மொழித் தேர்வில்கூட அப்படி வியர்த்ததில்லை. முடித்துவிட்டு, "இதை நீங்க காட்டுறதைவிட நான் சொன்னா பசங்களுக்கு நல்லாப் புரியும். நானும் வரேன்," என்றார்.

அவருக்கு அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. வீடியோவில் வருவார். நான் நேரில் வருகிறேன். செப்டம்பரில் எந்த நாள் என்று எழுது. உன் வகுப்பில் எனக்கு எங்கே இடமோ அங்கே உட்காருகிறேன்.

தம்பி


செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நீ ஓடிவிட்டாய். நீ பார்க்காததையும் கேட்காததையும் எழுத வேண்டும்.

நீ முன்னால் நின்று, "214 நான் எழுதினது," என்று சொன்னபோது அன்று கோரஸாகப் படித்துச் சிரித்த பிள்ளைகள் மேசையைப் பார்த்தார்கள். நீ கை கட்டிக்கொண்டு நின்றாய். என் தம்பி கை கட்டி நின்று நான் பார்த்ததே இல்லை, அப்பா திட்டும்போதுகூட. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவமானத்தால் அல்ல, அதைத் தெரிந்துகொள்.

அப்புறம் கண்டக்டரம்மா திரையில் வந்தார். நீ முதல் வரிசையில் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்ததால் குழுவிலிருந்து வந்த நான்கு பேரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். அவர் பேச ஆரம்பித்ததும் மென்பொருள் நிறுவனத்துக்காகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மூத்த பேராசிரியர் குறிப்பேட்டை மூடிவிட்டார். அந்தப் பேச்சைப் புயல் அப்படியே தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள். இந்தத் தடவை நகலெடுத்ததில் தப்பில்லை என்று சொன்னாள். உனக்கும் ஒன்று இருக்கட்டும்:

"நாளைக்குன்னு சொன்னதும் என் மக வேலைக்கு லீவு போட்டுட்டு வண்டி எடுத்துக்கிட்டு வந்து நின்னா. மூணாவது நாள் அவ மேலதிகாரி திட்டினார். ஆறாவது நாள் அவ வரல. எட்டாவது நாள் நான் பையை அடுக்கறதை நிறுத்திட்டேன். பத்தாவது நாள் மாத்திரையை வாங்கித் தலையணைக்கு அடியில வச்சேன், முழுங்கல. நாளைக்குன்னு சொன்னதே நிஜமில்லன்னா மாத்திரை மட்டும் நிஜமா இருக்குமான்னு தோணிச்சு. நான் முப்பது வருஷம் டிக்கெட் குடுத்தவ. ஒவ்வொரு தடவை ஏறுறப்பவும் எங்க போறீங்கன்னு கேட்டுட்டுத்தான் கிழிச்சுக் குடுப்பேன். தினம் வர்ற ஆளா இருந்தாலும் கேப்பேன். நீங்க பதினொரு நாளும் பழைய டிக்கெட்டையே கையில குடுத்தீங்க. அந்த டாக்டரை நான் மன்னிச்சிட்டேன், வீடு தேடி வந்தாரு. நீங்க யாரும் இப்படி மன்னிப்புக் கேட்டு வீடு தேடிப் போற மாதிரி வச்சுக்காதீங்க."

நீ போன பிறகு ஒருத்தரும் எழுந்து போகவில்லை. தாங்களாகவே திரைகளைத் திறந்து, வார்டில் எழுதிய பழைய பதிவுகளை எடுத்து, எது நகல் எது நிஜம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். நான் சொல்லவே இல்லை. ஒரு ஜன்னல் உள்ள அந்த அறையில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று குழு கூடியது. வகுப்பு நிரந்தரமாகிவிட்டது. எல்லா மாணவர்களுக்கும் கட்டாயப் பாடம், தேர்வும் உண்டு. மூன்று நாள் பயிற்சிப் பேச்சு ஒழிந்தது. ஆனால் ஒன்று. கட்டாயப் பாடத்துக்குப் பொறுப்பாசிரியர் ஒரு மருத்துவராக இருந்தால்தான் கௌரவம் என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். உன் பெயரை முன்மொழிந்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை நீ வந்து போனால் போதுமாம். வகுப்பை நான் எடுக்கலாம், 'உதவியாளர்' என்ற பெயரில்.

முதல்வர் உனக்கு எழுதுவார். ஒத்துக்கொள், தம்பி. நிஜமாகத்தான் சொல்கிறேன். ராத்திரி முழுக்க அழுதுவிட்டேன், இப்போது சரியாகிவிட்டது. யார் பெயரில் இருந்தால் என்ன, பிள்ளைகள் கற்றுக்கொண்டால் சரி. வேறு யாரோ ஒரு டாக்டர் வந்து உட்காருவதைவிட நீ வந்தால் எனக்கு நிம்மதி. அம்மாவுக்கும் சந்தோஷம், மாதம் ஒரு தடவை உன்னைப் பார்க்கலாம்.

அக்கா


செப்டம்பர் 24

அக்கா,

முதல்வருக்கு அனுப்பிய பதிலின் பிரதியை இங்கே எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொண்டால் நேரில் வரும்போது திட்டு.

"நண்பா, பொறுப்பாசிரியர் பதவிக்கு என்னை நினைத்ததற்கு நன்றி. அந்தத் தகுதி எனக்கு இல்லை. இல்லை என்பதற்குப் பதினொரு நாள் ஆதாரம் என் கையெழுத்தோடு உன் கல்லூரியிலேயே இருக்கிறது. நீங்கள் தேடும் தகுதி அந்தப் பதினொரு நாளையும் உட்கார்ந்து படித்தவருக்குத்தான் இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் அதே பதிவை மூன்று டாக்டர்களும் ஒரு தணிக்கைக் குழுவும் பார்த்தோம். யாருக்கும் கண்ணில் படவில்லை. என் அக்காவுக்குப் பட்டது.

போன வருஷம் நீ கேட்டபோது அவரைப் பற்றி நான் சொன்ன பதில் தப்பு. அவர் வகுப்பை நான் அப்போது பார்த்திருக்கவில்லை; பார்க்காமலே சொன்னேன். இப்போது பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நான் படித்த காலத்தில் எனக்கு இப்படி ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள் மிஞ்சியிருக்கும். இதைக் குழுவில் என் பெயரைச் சொல்லியே படித்துக் காட்டு. அவர் பெயரைப் போடாமல் வகுப்பு நடக்குமானால், என் பதிவைப் பாடத்தில் காட்ட நான் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன். கண்டக்டரம்மாவிடமும் கேட்டேன், அவரும் அதையே சொல்கிறார், என்னைவிடச் சத்தமாக."

அவ்வளவுதான் எழுதினேன். ஆமாம் அக்கா, கொஞ்சம் மிரட்டல்தான். பேராசிரியர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கும் தெரியும், நானும் அந்த ஜாதிதானே.

நான் உன்னை வெறும் கிளார்க் என்று சொன்னேன். இத்தனை கடிதம் எழுதியும் அதற்கு ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிறேன்.

தம்பி


அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை பத்தரை மணிக்கு முதல்வர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. அவரே படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முன்னால் ஆணையைக் கையில் கொடுத்தார். "உங்க தம்பி லெட்டரைக் குழுவுல முழுசா வாசிச்சேன். மேல பேச யாருக்கும் எதுவும் இல்ல," என்றார். புயல்தான் முதலில் எழுந்து நின்றாள், அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பாடத்தின் பெயர், அதற்குக் கீழே பொறுப்பாசிரியர், அதற்கு நேரே என் பெயர். பெயருக்குப் பின்னால் அவர்கள் எந்தப் பட்டமும் போடவில்லை, போட ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் காலியாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள். அந்தத் தடவை பாதியில் எனக்குக் குரல் போய்விட்டது. அவளே தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மீதியைச் சத்தமாகப் படித்தாள்.

அக்கா